மெஷின் பார்க்கப் போன புதன்கிழமைகள்

என் பழைய தையல் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு சாணுக்கும் குறைவு. ஜாக்கெட் தைக்கவும் பாவாடைக்கு ஓரம் அடிக்கவும் அது தாராளம். ஆனால் நான் தைத்துக்கொண்டிருந்தது இரட்டைக் கட்டிலுக்கான குவில்ட். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் லைனிங். மூன்றையும் சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி, அந்தச் சந்துக்குள் தள்ளி, இடது தோளால் முட்டுக்கொடுத்தால் நாலு அங்குலம் தைக்கலாம். பிறகு நிறுத்தி, மறுபடி சுருட்டி, மறுபடி தள்ள வேண்டும்.

நிறுத்தும்போதெல்லாம் ஹாலிலிருந்து குரல் வரும். "வா."

கூப்பிடுவது என் கணவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சில் வா, இல்ல, சரி என்று மூன்று சொற்கள் மிஞ்சின. சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு பெரிய வீடு அல்ல. ஹாலில் அவருடைய கட்டில், ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அறையில் என் மெஷின். மோட்டார் மாட்டிய பழைய மெஷின் என்பதால் தைத்தால் தெருவரை சத்தம் கேட்கும். சத்தம் கேட்கிறவரை நான் வீட்டில் இருக்கிறேன் என்று அவருக்கு நிம்மதி. நின்றால் நான் எங்கோ போய்விட்டேன் என்று பயம். எழுந்து போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பேன். தண்ணீரும் வேண்டாம், திரும்பிப் படுக்கவும் வேண்டாம். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு "சரி" என்பார். நான் மறுபடி உள்ளே வந்து சுருட்டத் தொடங்குவேன்.

நான் சேலையூரில் ஒரு பள்ளியில் இருபத்து நான்கு வருடம் கணக்கு டீச்சர். அவருக்கு முடியாமல் போனபோது ஒரு மாதம் லீவு போட்டேன். அதை இன்னொரு மாதம் நீட்டினேன். பிறகு சம்பளமில்லாத லீவு. பிறகு ராஜினாமா. வேலையை விடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. விடாமல் இருக்க என்ன செய்யலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை விற்பனைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆளுக்கொரு பொருள் கேட்டார்கள். வெளியே போய் எதுவும் வாங்க முடியாத நிலை. வீட்டில் கிடந்த வெட்டுத்துணிகளை இணைத்துக் குழந்தைக்கான சின்னப் போர்வை ஒன்று தைத்தேன். விற்பனை தொடங்கிய அரை மணியில் அது போய்விட்டது என்று சொன்னார்கள். அப்படித்தான் குவில்ட் பிடித்துக்கொண்டது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். முக்கோணங்களை மூலை தவறாமல் சேர்ப்பது எனக்குச் சுலபமாக வந்தது. அது கணக்குதானே.

பெரிய குவில்ட்டுக்கு நான் வெட்டியது என் பள்ளிக்கூடப் புடவைகளை. கஞ்சி போட்டுக் கட்டிய காட்டன் புடவைகள், பீரோவில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. முதல் புடவையில் கத்தரி வைக்கப் பத்து நாள் ஆனது. அடுத்தவை ஒரே மதியத்தில் முடிந்தன. அன்று மாலை மகள் போன் செய்தபோது "இன்னைக்கு என்னம்மா பண்ண?" என்று கேட்டாள். "துணி வெட்டினேன்" என்றேன்.

மகள் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள். ஸ்கூட்டியில் கிளம்பினால் அரை மணியில் வந்துவிடலாம். ஆனால் அவளுக்கு வேலை, நாலு வயதுக் குழந்தை, மாமியார் வீடு எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் தலைக்குக் குளிப்பேன். வாரத்தில் நான் அவசரமில்லாமல் குளிக்கும் ஒரே குளியல் அது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன். "அப்பாவை ஒரு வாரம் உங்க வீட்ல வச்சிக்க முடியுமா?"

"எங்கம்மா போற?"

"எங்கயும் போகல. இங்கயே இருக்கேன். தனியா இருக்கணும்."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உடம்பு ஏதாவது பண்ணுதா?"

"இல்லடி."

"எங்க வீட்ல பாத்ரூம் கதவு சின்னது, வீல்சேர் போகாது. லிஃப்ட் வேற அப்பப்ப நின்னுடுது. பார்க்கலாம்மா."

பொய் எதுவும் சொல்லவில்லை அவள். அந்தப் பாத்ரூம் கதவை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தனியாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் இடது தோளில் கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"குவில்ட்டைத் தள்ளித் தள்ளி வந்தது. மெஷின்ல இடம் பத்தல."

அவள் அப்போதே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். குவில்ட் தைப்பதற்கென்றே அகலமான மெஷின்கள் வருகின்றன. படத்தை என் முன்னால் நீட்டினாள். "உனக்கு நான் வாங்கித் தரேன். நல்லா பொழுது போகும்மா. நிம்மதியா உட்கார்ந்து தைக்கலாம்."

நான் ஒரு வாரம் கேட்டேன். எனக்கு ஒரு மெஷின் கிடைக்கப்போகிறது. நன்றி சொல்ல வேண்டிய இடம்தான், சொல்லவும் செய்தேன். ஆனால் படத்தில் இருந்த அந்த வெள்ளை மெஷினைப் பார்த்தபோது, இதன் முன்னால்தான் இனி உட்கார்ந்திருக்கப்போகிறோம், பத்து வருடமோ பதினைந்து வருடமோ, என்று தோன்றியது. மெஷினுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்டேன். அவள் அதை மெஷினைப் பற்றிய கேள்வி என்றே நினைத்தாள்.

உடனே ஆர்டர் போடாமல் தடுத்தவர் என் கொழுந்தனார். அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ரிட்டயர் ஆனவர். மிக்ஸி வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குபவர். "கண்ணால பார்க்காம, கையால தைச்சிப் பார்க்காம மெஷின் வாங்கலாமா அண்ணி? தாம்பரத்துல கடை இருக்கு. புதன்கிழமை கை கால் பயிற்சிக்கு பிசியோ வர நாள்தானே. நான் வந்து அண்ணன் பக்கத்துல இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் போதுமில்ல?"

மூன்று வருடத்தில் யாரும் எனக்கு இரண்டு மணி நேரம் கொடுத்ததில்லை. மருந்துக்கடைக்கு ஓடுவதும் பேங்குக்கு ஓடுவதும் கணக்கில் சேராது. அவையெல்லாம் ஓட்டம்.

அந்தப் புதன்கிழமை பத்தேகாலுக்கு கேட்டைச் சாத்தினேன். சானடோரியம் ஸ்டேஷன்வரை நடந்து, ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில் போய், தாம்பரத்தில் படியேறி மேற்குப் பக்கம் இறங்கினேன். பைக்கடை ஒன்றுக்கு மேலே மாடியில் இருந்தது அந்தத் தையல் மெஷின் கடை. கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் எதுவும் கேட்கவில்லை.

மெஷின் ஓட்டிக் காட்டுவதற்கென்று அங்கே ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோவளத்துக்காரி, அம்மா மீன் விற்கிறவர் என்று பிறகு சொன்னாள். நான் கொண்டுபோன குவில்ட்டின் மூலையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னா மேடம், பழைய மெஷின்லயா இத தைச்சீங்க? தோளு கழண்டுகினு போயிருக்குமே."

"போயிடுச்சு" என்றேன்.

"இதுல பாருங்க. எவ்ளோ துணி வேணா உள்ள போவும். நீங்க தள்ளவே வேணா."

உட்கார்ந்தேன். ஊசிக்கும் தண்டுக்கும் நடுவே என் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைவரை போனது. சுருட்டிய குவில்ட்டை வைத்தால் அது அலட்டிக்கொள்ளாமல் அந்த இடத்தில் படுத்துக்கொண்டது. அவள் ஒரு பித்தானை அழுத்தினாள். ஊசிக்கு அடியில் துணியைப் பிடித்து இழுக்கும் பல் கீழே இறங்கிவிட்டது. "இப்ப நீங்க எந்தப் பக்கம் நவுத்துறீங்களோ அந்தப் பக்கம் தையல் போவும். நேரா, கோணலா, பின்னால, உங்க இஷ்டம்."

பழைய மெஷினில் தையலுக்கு ஒரே திசைதான். துணியை அது இழுக்கும், நாம் பின்னால் பிடித்துக்கொண்டு போவோம். இங்கே இழுக்க யாரும் இல்லை. கணக்கு டீச்சரின் கை முதலில் ஒரு வட்டம் போட்டது. பிறகு அதை ஒட்டி இன்னொன்று. பிறகு வட்டத்தை விட்டு வெளியே போய், வளைந்து, சுற்றி, எங்கே போகிறது என்று தெரியாமலே போனேன். நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாங்கிவிடுவது என்றுதான் இருந்தேன். அப்படி ஒரு மெஷினை வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. கொழுந்தனார் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்.

"எப்படி அண்ணி? பிடிச்சிருக்கா?"

"நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "அதான் சரி. அவசரப்படாதீங்க."

அடுத்த புதன்கிழமை போனேன். அதற்கடுத்த புதன்கிழமையும் போனேன். கனமான துணி போகிறதா பார்க்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். அதே கம்பெனியில் அடுத்த மாடல் வந்திருக்கிறதாம் என்று ஒருமுறை. மேஜை உயரம் நம் அறைக்குச் சரிவருமா என்று அளக்க வேண்டும் என்று ஒருமுறை. கொழுந்தனார் ஒரு நோட்டு போட்டு நான் சொன்னதையெல்லாம் கட்டம் கட்டி எழுதிவைத்தார். அவருடைய நேர்மையான கையெழுத்தில் என் பொய்கள் வரிசையாக நின்றன. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எவன் பொய் சொல்கிறான் என்று முகம் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். எனக்குப் பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று தெரியாது.

மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "இன்னும் முடிவு பண்ணலையாம்மா? ஒரு மெஷினுக்கா இவ்ளோ யோசனை?"

"வாங்கினா வாங்கினதுதானே. யோசிச்சிதான் வாங்கணும்."

வாங்கிவிட்டால் புதன்கிழமை போய்விடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று சொன்னாலும் போய்விடும். எந்தப் பக்கமும் சொல்லாமல் இருக்கும்வரைதான் எனக்கு அந்த இரண்டு மணி நேரம்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கோவளத்துப் பெண் எனக்கு டீ வாங்கிவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அதற்குள் மேடம் போய் அக்கா ஆகியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நீங்க மெஷின் வாங்க வரல. கரெக்டா?"

டீயைக் கீழே வைத்தேன். முகம் சூடானது. எழுந்திருக்கப் போனேன்.

"ஐய, உக்காருங்க. நா ஒண்ணும் சொல்லல. காலையில இங்க யாரு வராங்க? மெஷின் சும்மாதான கீது. நீங்க வந்துகினு இருங்க. ஓனர் கேட்டா நா பேசிக்கிறேன்." பிறகு நூல்கண்டை எடுத்து மாட்டிக்கொண்டே கேட்டாள். "வூட்ல யாராச்சும் முடியாம கீறாங்களா?"

"வீட்டுக்காரர்."

"ம்" என்றாள். அன்று நான் மெஷினைத் தொடவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அந்த ஏசி அறையில் அவள் கணக்குப் புத்தகம் எழுதுவதைப் பார்த்தபடி சும்மா இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை நடந்ததை நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை.

கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பித் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் இடம் இருந்தும் வாசல் பக்கம் நின்றேன். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், இறங்க வேண்டும். ரயில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பூக்காரம்மா கூடையோடு ஏறினார். கம்பியைப் பிடித்திருந்த என் கை அதை விடவில்லை. போகலாம் என்று நான் முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. இறங்கவில்லை, அவ்வளவுதான். ரயில் நகர்ந்தது.

குரோம்பேட்டை வந்தது. இங்கே இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். பல்லாவரம் வந்தது. காற்று முகத்தில் அடித்தது. திரிசூலத்தில் தலைக்கு மேலே ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது. மீனம்பாக்கம். பழவந்தாங்கலில் இறங்கினேன். எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் தாம்பரம் போகும் ரயில் ஒன்று வந்து போனது. இன்னொன்று வந்தது. அதையும் விட்டேன். போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது ரயிலில் ஏறியபின்தான் போனை எடுத்துப் பார்த்தேன். கொழுந்தனார் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு கிடந்தது. உள்ளே என் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது முழங்கையில் பஞ்சும் பிளாஸ்டரும். நான் வர வேண்டிய நேரம் தாண்டியதும் "வா, வா" என்று ஆரம்பித்திருக்கிறார். கொழுந்தனார் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போன நேரத்தில், இடது கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறார். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனாருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கியிருக்கிறார்.

"என்ன ஆச்சு அண்ணி? போன் எடுக்கலையே" என்றார் கொழுந்தனார்.

"ட்ரெயின் லேட் தம்பி."

என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி" என்று சொல்லவில்லை.

மகள் அன்று மாலையே ஆபீசிலிருந்து நேராக வந்துவிட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. அப்பாவின் முழங்கையைத் தடவினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அலைஞ்சது போதும்மா. நான் அந்தக் கடைக்கே போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிக் குடுத்துடுவாங்க. இனிமே நீ வெளிய போகவே வேணாம்."

நல்ல மனதோடு சொன்னாள். முழங்கையில் பிளாஸ்டர் போட்டவர் எதிரே இருக்கும்போது என்ன பேசுவது.

சனிக்கிழமை மெஷினோடு கோவளத்துப் பெண்ணே வந்தாள். ஹாலில் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவருக்கு வணக்கம் சொன்னாள். சின்ன அறையில் மெஷினை மேஜையில் பூட்டி, நூல் கோத்து, ஓட்டிக் காட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள். சமையலறையில் நான் காபி கலக்கும்போது பின்னாலேயே வந்து நின்றாள்.

"அவசரப்பட்டு வாங்கிட்டாங்களா அக்கா?"

"ஆமா."

"போன் வந்தப்பவே எனக்கு தெரியும். உங்க பொண்ணு பேசுனாங்க. இன்னா சொல்றதுன்னு தெரில. சேல்ஸ் பண்ணமாட்டேன்னு சொல்ல முடியுமா?" காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்தாள். "மெஷின் நல்ல மெஷின்கா. அதும்மேல கோவப்படாதீங்க."

மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் அதற்குச் சத்தம் இல்லை. மெல்லிய உறுமல், அறைக் கதவைத் தாண்டாது. ஹாலில் இருப்பவருக்கு நான் தைக்கிறேனா, பின்கதவால் போய்விட்டேனா என்று தெரிய வழியில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "வா" என்று குரல் வந்தது. விழுந்த பிறகு அந்தக் குரலில் முன்பு இல்லாத ஒரு நடுக்கம் சேர்ந்திருந்தது. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மேஜையோடு மெஷினை ஹாலுக்கு இழுத்துவந்து, கட்டிலுக்கு எதிரே போட்டேன். கூப்பிடுவது நின்றது. காலை முதல் மாலைவரை என் முதுகையும் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கண் கூடவே வரும்.

அந்த அகலமான இடத்தில் குவில்ட் தாராளமாக விரிந்தது. என் பள்ளிக்கூடப் புடவைகளின் மேல் வளைவு வளைவாகத் தையல் ஓடியது. கைக்கு எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவுக்கு எனக்கு மூச்சு முட்டியது. ஒரு மதியம் பாதித் தையலில் நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கு ட்ரெயின் லேட் இல்லங்க. நான் இறங்கல. பழவந்தாங்கல் வரைக்கும் போனேன். அங்க பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தேன். ரெண்டு ட்ரெயினை விட்டேன்."

அவர் முகம் கோணியது. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நோய் வந்தவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி வரும் என்று பிசியோ முன்பே சொல்லியிருக்கிறார். கண்ணைத் துடைத்துவிட்டேன். என் விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்த வலுவில்லாத மனிதர் வெகு நேரம் விடவில்லை. முப்பது வருடம் தினமும் காலை ஏழரை ரயிலைப் பிடித்து ஆபீஸ் போனவர். அந்த ஹாலில் கதவு பூட்டப்பட்டு இருந்தது எனக்கு மட்டும் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஆறுதலாக இல்லை. இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும், தலைக்குக் குளிக்கப் போகாமல் அவளைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். பழவந்தாங்கல் கதையைச் சொன்னேன். கடையில் அந்தப் பெண் கண்டுபிடித்ததைச் சொன்னேன். வாங்க மனமில்லாமல் இழுத்தடித்ததைச் சொன்னேன்.

"அப்ப மெஷினைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள்.

"வேணாம். மெஷினும் எனக்கு வேணும். புதன்கிழமையும் வேணும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை எடுத்துக்காதீங்க."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ தனியா இருக்கணும்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. புரியாத மாதிரி இருந்தேன். நீ ஒரு வாரம் தனியா இருந்தா, அப்புறம் அப்பாவைத் திரும்பச் சேர்த்துக்குவியான்னு எனக்கு பயம். சேர்த்துக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்? என்னால முடியாதும்மா."

அவளைத் திட்ட வேண்டும் என்று வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. எனக்கும் அதே பயம் என் மேலேயே இருந்தது. தலையைத் தடவிக்கொடுத்தேன். "சேர்த்துக்குவேன்" என்றேன். அதைச் சொல்லும்போது அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஏற்பாடு செய்தாள். புதன்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வருவதற்குச் சேலையூரிலிருந்து ஒரு நர்சம்மா கிடைத்தார். ஏழு வாரம் ஒழுங்காக வந்தார். பிறகு முழுநேர வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டு புதன்கிழமைகள் ஆளே இல்லை. அப்புறம் கொழுந்தனார் தானாகவே வந்தார், இந்தமுறை ஒரு நிபந்தனையோடு. போன் அடித்தால் நான் எடுக்க வேண்டும். எடுக்கிறேன். ஒரு வாரம் தனியாக என்ற பேச்சு அப்படியே கிடக்கிறது. இந்த வருடம் நடக்காது. அடுத்த வருடம் பற்றித் தெரியாது.

சென்ற புதன்கிழமை வெளியே கிளம்பினேன். வாங்க வேண்டிய மெஷின் எதுவும் இப்போது இல்லை. ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஒரு கடையில் இளநீர் குடித்தேன். அதற்குமேல் எங்கே போவது என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கால் தானாக எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. மணி பார்த்தேன். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எதிர்வீட்டு மதில் நிழலில் நின்றுகொண்டேன்.

எதிர்வீட்டம்மா துணி காயப்போட வந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், சாவி இல்லையா?"

"உள்ள ஆள் இருக்காங்க. நான்தான் சும்மா நிக்கிறேன்."

"வெயில்லயா?"

"இங்க நிழல் இருக்கே" என்றேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மதிலுக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, துணி உலர்த்தப் போனார். நான் அதில் உட்கார்ந்து, என் வீட்டைப் பார்த்தபடி, மிச்ச நேரம் முழுவதையும் இருந்து தீர்த்தேன்.